ஒரு வயசுக்காரருக்கு ஏன் இத்தனை அமர்க்களம்?

(பொருள்களும் பழக்கங்களும் பிறந்த கதை சொல்லும் கேள்வி-பதில் பகுதி. இந்த இதழில் முதல் பிறந்தநாள் கேள்விகள் மட்டும்.)

பேத்திக்கு அடுத்த மாதம் ஒரு வயது நிறைகிறது. மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மருமகள் கேக் வெட்டியே தீரவேண்டும் என்கிறாள். மங்கல நாளில் விளக்கை ஊதி அணைப்பது எந்த ஊர் வழக்கம்?
— ஒரு பாட்டி, கும்பகோணம்

கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றுவது ஜெர்மனி வழக்கம், அம்மா. கிரேக்கர்கள் ஆர்த்தெமிஸ் தேவதைக்கு வட்டமான பணியாரத்தில் விளக்கேற்றிப் படைத்தார்கள், அதுதான் மூலம் என்று ஒரு கதை சுற்றுகிறது. படைத்தது உண்மைதான். ஆனால் அது கோயில் படையல். யாருடைய பிறந்தநாளும் அல்ல. இடையில் இரண்டாயிரம் ஆண்டு வெறுமையாகக் கிடக்கிறது. நான் அதை நம்புவதில்லை.

கையில் பிடிக்கும்படியான சான்று 1746-இல் கிடைக்கிறது. ஜின்ஸென்டார்ஃப் என்ற ஜெர்மானியப் பிரபுவின் பிறந்தநாளுக்கு, அடுப்பு எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு பெரிய கேக் செய்தார்களாம். வயதுக்கு ஒன்றாகத் துளை போட்டு, துளைக்கொரு மெழுகுவர்த்தி செருகி, நடுவில் ஒன்று கூடுதலாகவும் வைத்தார்களாம். பிரபுவின் மொராவியக் கிறிஸ்தவச் சபையோடு கொஞ்ச காலம் இருந்து, கசந்துபோய் வெளியேறிய ஆண்ட்ரியாஸ் ஃப்ரை என்பவர் இதைக் குறையாகத்தான் எழுதிவைத்தார். அந்தக் குறை இன்று நமக்கு வரலாறு. அதே மொராவியச் சபையார் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள்.

உங்கள் மனக்கஷ்டத்துக்கு ஒரு மருந்து இதில் இருக்கிறது. ஜெர்மன் வீடுகளில் குழந்தையின் கேக் மெழுகுவர்த்தி காலையில் ஏற்றப்பட்டு, கரையக் கரைய மாற்றப்பட்டு, ராத்திரிச் சாப்பாடு வரை எரிந்தது. ஊதி அணைக்கும் வழக்கம் 1881-இல் ஸ்விட்சர்லாந்துக் குடும்பங்களைப் பற்றிய குறிப்பில் தெளிவாக வருகிறது. ஆகவே பூஜை அறையில் குத்துவிளக்கை ஏற்றி, அது பாட்டுக்கு எரியட்டும் என்று விடுங்கள். கேக் மருமகளின் இலாகா.

ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு ஊதத் தெரியாது. ஊதப்போவது அப்பாவோ மாமாவோதான். 2017-இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தார் கேக் மேல்பூச்சில் ஊதிப் பார்த்து எண்ணியபோது, பாக்டீரியா சராசரியாக 1,400 சதவீதம் கூடியிருந்தது. மெழுகுவர்த்தியைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் எவருக்கும் நஷ்டமில்லை.

பலூன் கண்டுபிடித்தவர் யார்?
— மூன்றாம் வகுப்பு மாணவி, தேனி

மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தில் பெரிய பெயர் எடுத்த அதே ஃபாரடேதான். 1824-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், ஹைட்ரஜன் வாயுவை அடைத்துவைக்க ஒரு பை வேண்டியிருந்தது. இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓரங்களை அழுத்தினார். உள்பக்கம் ஒட்டிக்கொள்ளாதிருக்க மாவு தூவினார். அடுத்த ஆண்டே தாமஸ் ஹான்காக் அதை விளையாட்டுச் சாமானாக விற்கத் தொடங்கிவிட்டார். இன்று நாம் ஊதும் மெல்லிய பலூன், ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுப்பது. அமெரிக்காவின் நீல் டில்லட்சன் 1931-இல் பூனைத்தலை வடிவத்தில் முதலில் செய்தார்.

இது உன் அம்மாவுக்கு: தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பலூனை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். வெடித்ததும் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். ரப்பர் துண்டு தொண்டையில் படிந்து மூச்சை அடைத்துவிடும். அமெரிக்காவில் பலூன் பொட்டலத்தின்மேல் 8 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்து என்று அச்சிடவேண்டும் என்பது சட்டம். வாயு பலூன் வாங்கினால் ஹைட்ரஜன் அடைத்ததை வாங்காதீர்கள். விளக்குப் பக்கத்தில் அது பலூன் அல்ல, வெடி.

குழந்தைக்கு ஒன்றும் நினைவிருக்கப்போவதில்லை. பத்தாவது பிறந்தநாளுக்குச் செலவழித்தால் நன்றி சொல்லும். முதல் பிறந்தநாளுக்கு மட்டும் ஏன் ஊரைக் கூட்டுகிறோம்?
— கடன் வாங்கிய தகப்பன், சேலம்

விருந்து குழந்தைக்கு என்று யார் சொன்னது? குழந்தையைப் பிழைக்கவைத்தவர்களுக்கு.

இந்தியாவில் 1971-இல் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. எட்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் எட்டுத் தொட்டில் ஆடினால் ஒன்று நின்றுபோகும். 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது, தமிழ்நாட்டில் 13. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், கிராமச் செவிலியர், உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால் பயம், புள்ளிவிவரம் குறைந்த வேகத்தில் குறைவதில்லை. பாட்டிமார் மனத்தில் பழைய கணக்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பயம் நம் பெயர்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பிச்சை எடுத்த அரிசியில் சோறூட்டிப் பிச்சை, பிச்சம்மாள் என்றார்கள். எமனுக்கு இது பெறாத பண்டம் என்று காட்டும் தந்திரம். ஓராண்டு தாண்டினால் குலதெய்வத்துக்கு மொட்டை, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காதுகுத்து, கிடா வெட்டு. நேர்ந்துகொண்ட கடனைத் தீர்க்கும் நாள் அது. சுற்றம் சாட்சி. கேக்கும் பலூனும் வந்து சேர்ந்துகொண்டது நேற்று.

நாம் மட்டும் இல்லை. ஹவாய்த் தீவுகளில் இன்றும் முதல் பிறந்தநாள் விருந்து கல்யாண விருந்தைத் தோற்கடிக்கும். கப்பல்களில் வந்த நோய்கள் அந்த மக்களைச் சூறையாடின. 1848-இல் அம்மையும் கக்குவானும் சேர்ந்து வந்தபோது குழந்தைகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. தப்பித்து ஓராண்டைத் தொட்ட ஒவ்வொரு குழந்தையும் ஊருக்கே சொந்தமான சந்தோஷமாயிற்று. ஜப்பானில் ஒரு படி அரிசியில் இடித்த, சுமார் 2 கிலோ மோச்சிக் கொழுக்கட்டையைத் துணியில் கட்டிக் குழந்தையின் முதுகில் ஏற்றுவார்கள். தள்ளாடி, விழுந்து, அழும். அழுதால் நல்லது என்று கைதட்டுவார்கள். பாவம், பிறந்தநாள் அன்றைக்கே சுமை.

நம் புலவர்களும் இந்த வயதை விட்டுவைக்கவில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முத்தப் பருவத்தை அடுத்து வரும் வருகைப் பருவம், ஓராண்டை ஒட்டித் தளர்நடை போடும் பிள்ளையை வா வா என்று அழைப்பது. ஆனால் இந்த வயதைக் கொண்டாடக் கடன் வாங்கவேண்டியதில்லை. சாம்பார் சாதம், தயிர்சாதம், கேசரி, பக்கத்து வீட்டு நாற்காலிகள் போதும். குழந்தை தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்கு அழாத ஒரு வயதுக் குழந்தையை நான் பார்த்ததில்லை.

கொரிய சீரியல்களில் ஒரு வயதுக் குழந்தை முன்னால் நூல், பணம், பேனா எல்லாம் பரப்பி எடுக்கச் சொல்கிறார்களே?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

அந்த விழாவுக்கு டோல் என்று பெயர். எடுக்கும் சடங்கு டோல்ஜாபி. நூல் எடுத்தால் நீண்ட ஆயுள், தூரிகையோ புத்தகமோ எடுத்தால் படிப்பு, காசோ அரிசியோ எடுத்தால் செல்வம். இப்போது ஸ்டெதாஸ்கோப்பும் மைக்கும் கால்பந்தும் வைக்கிறார்கள். பெற்றோர் தங்களுக்கு வேண்டியதைக் குழந்தையின் கைக்கு அருகில் நகர்த்திவைப்பதும் சடங்கின் எழுதாத பகுதி.

மூலம் சீனா. 6-ஆம் நூற்றாண்டில் யான் ஜிதுயி என்ற அறிஞர் தம் குடும்பத்துக்கு எழுதிவைத்த அறிவுரை நூலில், தென்சீன வழக்கமாக இதைச் சொல்கிறார். ஒரு வயதுக் குழந்தையைக் குளிப்பாட்டிப் புத்தாடை உடுத்தி, ஆண் குழந்தைக்கு வில், அம்பு, காகிதம், தூரிகை, பெண் குழந்தைக்குக் கத்தரி, அளவுகோல், ஊசி, நூல் வைத்து, கூடவே தின்பண்டமும் நகையும் பரப்பி, எதை எடுக்கிறது என்று பார்த்துப் பேராசையா நேர்மையா என்று கணிப்பார்களாம். ‘சிவப்பு மாளிகைக் கனவு’ என்ற புகழ்பெற்ற சீன நாவலின் நாயகன் இந்தச் சோதனையில் அலங்காரப் பூச்சுகளைத்தான் அள்ளினான். அப்பாவுக்குத் தாங்கமுடியாத கோபம்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். வங்காளத்திலும் ஆந்திரத்திலும் அன்னப்பிராசனத்தன்று புத்தகம், பேனா, பொன், மண் என்று வைப்பார்கள்.

கொரியாவில் எனக்குப் பிடித்தது வேறொன்று. வருகிறவர்கள் குழந்தைக்கு ஒரு டோன், அதாவது 3.75 கிராம் எடையுள்ள தங்க மோதிரம் தருவார்கள். 1998-இல் நாடு கடனில் மூழ்கியபோது, மக்கள் வரிசையில் நின்று வீட்டுத் தங்கத்தைக் கொடுத்தார்கள். 220 டன்னுக்கு மேல் சேர்ந்தது. அதில் பெட்டியில் கிடந்த முதல் பிறந்தநாள் மோதிரங்களும் உருகின.

ஹேப்பி பர்த்டே பாட்டுக்குக் காசு கட்டவேண்டும் என்கிறான் நண்பன். நிஜமா?
— வாசகர், ஈரோடு

நிஜமாக இருந்தது; இப்போது இல்லை. அமெரிக்காவின் லூயிவில் நகரில் பாட்டி ஹில், மில்ட்ரெட் ஹில் என்ற சகோதரிகள். மூத்தவர் மில்ட்ரெட் மெட்டமைக்க, பாலர் பள்ளி ஆசிரியையான இளையவர் சொல் எழுத, பிள்ளைகள் காலையில் பாடும் வணக்கப் பாட்டாக 1893-இல் அச்சாயிற்று. அந்த மெட்டில் பிறந்தநாள் வாழ்த்து பின்னால் ஏறியது. 1935-இல் ஒரு நிறுவனம் அதற்கு உரிமை பதிந்தது. கைமாறிக் கைமாறி அந்த உரிமை வார்னர் சேப்பல் கைக்கு வந்து, ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் டாலர் ஈட்டியது. வீட்டில் பாடினால் யாரும் கேட்கமாட்டார்கள். சினிமாவில் பாடினால் கட்டவேண்டும். இந்தப் பாட்டைப் பற்றியே ஆவணப்படம் எடுத்த ஜெனிஃபர் நெல்சனிடமும் 1,500 டாலர் வாங்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2015-இல் நீதிமன்றம் உரிமை செல்லாது என்றது. 1 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. தாராளமாகப் பாடுங்கள். சுருதி சேரவேண்டும் என்று எந்தச் சட்டமும் எங்கேயும் கிடையாது.

முழுக் கேக்கைக் குழந்தை முன் வைத்து, அது பிய்த்து முகமெல்லாம் பூசிக்கொள்வதைப் படமெடுக்கிறார்களே?
— வாசகி, கோவை

அமெரிக்க வழக்கம், கேமராவுக்காக வளர்ந்தது. 2 வயது வரை சர்க்கரை சேர்க்கவேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள். படம்தான் வேண்டும் என்றால் மசித்த வாழைப்பழத்தைக் கொடுங்கள். அதைவிட நன்றாகப் பூசும்.

அந்தக் காலத்துத் தமிழர் பிறந்தநாள் கொண்டாடினார்களா? நட்சத்திரமா, தேதியா, எது சரி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

அரசன் கொண்டாடினான். அவன் பிறந்தநாளைப் பாடுவதற்குத் தொல்காப்பியம் புறத்திணையியலில் தனித்துறையே உண்டு. அன்று வெள்ளை உடுத்திச் சிறைக்கதவைத் திறந்துவிடுவான். ராஜராஜன் பிறந்த ஐப்பசிச் சதயம் தஞ்சையில் இன்றும் விழா. குடிமக்கள் வீட்டில் நட்சத்திரத்தன்று எண்ணெய்க் குளியல், கோயில் அர்ச்சனை, பாயசம். வசதியும் வழக்கமும் உள்ளவர்கள் வீட்டில் ஆயுஷ்ய ஹோமம்.

நிலவு ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்ப 27.3 நாள் ஆகிறது. தமிழ் மாதம் எதுவும் 29 நாளுக்குக் குறைவதில்லை. எனவே பிறந்த மாதத்தில் உங்கள் நட்சத்திரம் கட்டாயம் ஒருமுறை வரும். சில சமயம் இருமுறை. அப்போது பின்னதைக் கொள்வதே பெரும்பான்மை வழக்கம்.

தேதி வந்தது பதிவேட்டோடும் பள்ளிக்கூடத்தோடும். 1969-இல் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தபிறகு சான்றிதழ்த் தேதியே ஆளின் வயதாயிற்று. எது சரி என்று கேட்டால், ஹோமத்துக்கு நட்சத்திரம், சர்க்காருக்குத் தேதி, விருந்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்பேன்.

சர்க்கார் என்றதும் ஒன்று. ஆஸ்பத்திரியில் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிந்திருப்பீர்கள். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. பிறகு தாமதக் கட்டணம், அதுவும் 15 ஆண்டு வரைதான். கேக்குக்கு ஆர்டர் கொடுக்கப் போகிற வழியில் நகராட்சி அலுவலகத்தில் எட்டிப் பார்த்துவிடுங்கள்.