புல் கலப்பு லர்ச்சர் நாயின் வேகமும் வேட்டைத் திறமையும்

இங்கிலாந்து நாட்டுக் கிராமங்களில் 'லர்ச்சர்' என்று வழங்கும் நாய் தனியொரு ஜாதியன்று. இரையைக் கண்ணாற் கண்டு ஓட்டத்தினால் பிடிக்கும் கிரேஹவுண்ட், விப்பெட், டீர்ஹவுண்ட், சலூகி முதலிய ஓட்டநாய்களில் ஒன்றை வேறொரு வேலைநாயோடு சேர்த்துப் பெறும் கலப்பிற்கே அப்பெயர். சேர்க்கப்படும் நாய் எதுவோ அதற்கேற்பக் கலப்பின் குணமும் மாறும். மந்தையைத் திரட்டும் கோலி நாயைச் சேர்த்தால் புத்தியும் கட்டளைக்கு அடங்கும் குணமும் மிகும். பெட்லிங்டன் டெரியரைச் சேர்த்தால் குளிரைத் தாங்கும் மயிரும் புதரில் நுழையும் ஊக்கமும் வரும். புல் டெரியரையோ ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியரையோ சேர்த்தால் தசைக்கட்டும், தாடை வலிமையும், அடிபட்டாலும் பின்வாங்காத பிடிவாதமும் வரும். இக்கடைசி வகையே புல் கலப்பு எனப்படுவது. லர்ச்சர்களுள் மிகுதியாகப் புகழப்படுவது இதுவே. வேலை இன்னதென்று ஆராயாமல் மிகுதியாக வாங்கப்படுவதும் இதுவே.

லர்ச்சர் ஆதியில் ஏழையின் நாய். 1671-ம் வருஷத்துச் சட்டம், குறித்த அளவு நிலவருமானம் இல்லாதவர் வேட்டைக் கருவிகளையும் வேட்டைநாய்களையும் வைத்திருத்தலாகாது என விலக்கியது. சொந்த நிலமாயின் அதன் வருமானம் ஆண்டுக்கு 100 பவுன் இருக்கவேண்டும். விலக்கப்பட்ட நாய்களின் வரிசையில் லர்ச்சரின் பெயரும் உண்டு. பயிரை முயல் தின்பதைக் கண்ணால் கண்டும் குத்தகைக்காரன் கைகட்டி நிற்கவேண்டிய காலம் அது. 1831-ம் வருஷத்துச் சட்டம் அந்த வருமானத் தகுதியை நீக்கியது. 1880-ம் வருஷத்துச் சட்டம், சாகுபடி செய்பவன் தன் நிலத்திலுள்ள முயல்களைக் கொல்லும் உரிமையை, நிலச்சுவான்தார் பறிக்க முடியாதபடி, அவனுக்கு அளித்தது. இரவில் குரைக்காமல் ஓடி, பிடித்ததைத் தன் எஜமானனிடம் கொண்டுவந்து தரும் நாய்க்கு மதிப்பு ஏற்பட்டது இத்தகைய சரித்திரத்தினாலேயே.

இரு வேறு தொழில்

கிரேஹவுண்ட் பல நூற்றாண்டுகளாக ஓட்டம் ஒன்றிற்காகவே தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டது. புல் ஜாதிகளின் மூதாதையான பழைய புல்டாக், கட்டப்பட்ட காளையின் மூக்கைப் பற்றித் தொங்கும் கொடிய விளையாட்டிற்காக வளர்க்கப்பட்டது. அவ்விளையாட்டு 1835-ல் சட்டத்தால் ஒழிந்தது. புல்டாக்கையும் டெரியரையும் சேர்த்து உண்டாக்கிய நாய்களே பின்னர் புல் டெரியர்கள் ஆயின. ஆகவே புல் கலப்பு லர்ச்சரில், ஓடுவதற்கென்று அமைந்த தேகமும் பற்றி நிற்பதற்கென்று அமைந்த தேகமும் ஒரு தோலுக்குள் வந்து சேருகின்றன. இரண்டின் நன்மையும் முழுமையாக ஒருங்கே வந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். தேகத்தின் அமைப்பு அதற்கு இடங்கொடுப்பதில்லை.

அமெரிக்காவில் உட்டா சர்வகலாசாலையார் கிரேஹவுண்டையும், புல் டெரியருக்கு உறவினமான பிட்புல் நாயையும் ஒப்பிட்டு 2003-லும் 2005-லும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவாக்குகின்றன. கிரேஹவுண்டின் கால்களில் தசையின் பெரும்பகுதி இடுப்பையும் தோளையும் ஒட்டியே இருக்கிறது; பாதத்தை நெருங்க நெருங்கக் கால் மெலிந்து இலேசாகிறது. இலேசான கால்நுனியை முன்னும் பின்னும் விரைவில் வீசலாம். பின்னங்கால் கணுவின் தசைநாண்கள் ஒவ்வொரு அடியிலும் சுருள்வில்லைப் போல நீண்டு மீண்டு சக்தியைத் திருப்பித் தருகின்றன. முன்னங்கால் தசைகள் பின்னங்காலைவிட வலிவிற் குறைந்தவை. பிட்புல்லுக்கு இவையெல்லாம் மாறாக உள்ளன. கால்நுனி வரையில் தசை கனத்திருக்கிறது. தசைநாண்களில் சக்தியைச் சேமிக்கும் திறம் குறைவு. எதிரியைத் தள்ளவும் பற்றி இழுக்கவும் வேண்டிய வலிமை முன்னங்காலிலும் இருக்கிறது. எலும்பிலும் வேற்றுமை உண்டு. கிரேஹவுண்டின் மேல்முன்கால் எலும்பு விறைப்பு மிக்கது. பிட்புல்லின் எலும்போ சற்று வளைந்து, முறிவதற்குமுன் ஏறத்தாழ இரு மடங்கு அதிர்ச்சியைத் தாங்கியது.

இதனால் பெறப்படுவது யாதெனில், புல் இரத்தம் கொடுக்கும் உறுதி இனாமாக வருவதன்று. அதன் விலை வேகத்திலிருந்து கழிக்கப்படுகிறது.

ஆர்ஃபர்டு பிரபுவின் கலப்பு

புல் இரத்தத்தைப் புகழ்வோர் தவறாமல் எடுத்துக்காட்டுவது மூன்றாம் ஆர்ஃபர்டு பிரபுவின் செய்தி. 1776-ல் நார்ஃபோக் ஜில்லாவிலுள்ள சுவாஃபமில் முயலோட்டப் பந்தயச் சங்கத்தை நிறுவியவர் அவர். தம் கிரேஹவுண்டுகளுக்கு ஊக்கம் போதவில்லை என்று கண்டு அவற்றோடு புல்டாக்கைச் சேர்த்தார் என்றும், ஆறேழு தலைமுறைக்குப்பின் புல்டாக்கின் உருவம் அறவே மறைந்து துணிவு மாத்திரம் தங்கியது என்றும் கூறுவர். சார்லஸ் டார்வினும் 1868-ல் வெளியிட்ட தம் நூலில் இச்செய்தியை எடுத்தாண்டிருக்கிறார்.

ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் இச்செய்தி எதிர்க்கட்சிக்கே சாட்சி சொல்லுகிறது. முதற் கலப்பில் புல்டாக்கின் பங்கு பாதி. அக்குட்டியை மீண்டும் கிரேஹவுண்டோடு சேர்த்தால் கால், அடுத்ததில் அரைக்கால். இவ்விதம் ஏழாம் தலைமுறையில் 128-ல் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. வேண்டிய குணமுள்ள குட்டிகளையே ஒவ்வொரு தலைமுறையிலும் பொறுக்கி எடுத்தபடியால் துணிவு நின்றது. எஞ்சியதை அவர் வேண்டுமென்றே கழித்துவிட்டார். பாதியும் முக்காலும் புல் இரத்தமுள்ள கனத்த நாயை விற்பவர் அவருடைய பெயரைச் சொல்லி விற்பது பொருந்தாது.

குழிமுயல்மேல்

லர்ச்சரின் நித்திய வேலை வளை தோண்டி வாழும் குழிமுயலைப் பிடித்தல். 1953-ல் மிக்ஸோமடோசிஸ் என்னும் கொள்ளைநோய் பிரிட்டனில் புகுந்து முயல்களில் பெரும்பகுதியை அழித்தது. பிறகு அவை மீண்டும் பெருகிப் பயிருக்குச் சேதம் விளைத்து வருகின்றன. இரவில் முயல் வளையைவிட்டு வயலில் மேயும்போது விளக்கொளியைக் காட்டி நாயை ஏவுவது வழக்கம். இங்கே வெற்றியும் தோல்வியும் வினாடிக் கணக்கில் உள்ளன.

ஓர் எடுத்துக்காட்டு: முயல் தன் வளைக்கு 80 கஜ தூரத்தில் இருக்கிறது, நாய் அதற்கு 40 கஜம் பின்னே விடப்படுகிறது. முயல் மணிக்கு 25 மைல் வேகத்தில், அதாவது வினாடிக்கு 12 கஜத்திற்குச் சற்று மேலாக ஓடினால், ஆறரை வினாடியில் வளையை அடையும். கிரேஹவுண்டைப் போல மணிக்கு 40 மைல் ஓடும் நாய் இடைவெளியை ஐந்தரை வினாடியில் கடந்து முயலை எட்டிவிடும். மணிக்கு 35 மைல் ஓடும் நாய்க்கோ எட்டு வினாடிக்கு மேல் வேண்டும். முயல் வளையில் நுழையும் சமயம் அது இன்னும் 8 கஜம் பின்னே இருக்கும். நின்ற நிலையிலிருந்து வேகம் பிடிக்கும் நேரம் இக்கணக்கில் சேரவில்லை. அதையும் சேர்த்தால் கனத்த நாயின் நிலை மேலும் மோசம். நாயின் துணிவு எவ்வளவாயினும் அந்த 8 கஜத்தை அது நிரப்பாது.

மேலும், மூன்று நான்கு ராத்தல் எடையுள்ள குழிமுயலைப் பிடிக்கத் தாடை வலிமை வேண்டியதில்லை. வன்மையாகக் கவ்வும் நாய் விலா எலும்பை நொறுக்கி இறைச்சியைக் கெடுத்துவிடும். அம்முயலை வாங்குவார் இல்லை. முயலுக்கென்றே வளர்ப்பவர் விப்பெட் கலப்பையோ கோலி கலப்பையோ நாடுவது இதனாலேயே. புல் இரத்தம் அவசியம் எனத் தோன்றினால் காற்பங்கிற்கு மேற்படாதிருத்தல் நலம். முட்கம்பி வேலியும் கல்மதிலும் நிறைந்த மேட்டுநிலத்தில் அந்தக் காற்பங்கு உறுதி பயன்படக்கூடும். திறந்த வயலில் அதுவும் வேண்டியதில்லை.

பெருமுயலும் நரியும்

வளையின்றி வயலிலேயே தங்கும் பெருமுயல் வேறு தன்மையது. அது மணிக்கு 40 மைலுக்கு மேலும் ஓடவல்லது. நாய் நெருங்கியதும் திடீரெனத் திரும்பி எதிர்த்திசையில் ஓடும். கனத்த மார்புள்ள நாய் திரும்ப முயலும்போது முன்னங்கால்கள் முழுப் பாரத்தையும் தாங்கவேண்டும். திரும்பி மீண்டும் வேகம் பிடிப்பதற்குள் பெருமுயல் பல கஜம் முன்னே சென்றுவிடும். பழைய பந்தயங்களில் கொல்லுதலைவிட, நாயின் வேகத்திற்கும் அது முயலைத் திருப்பிய திறமைக்குமே மதிப்பெண் மிகுதி. 1836 முதல் 2005 வரையில் நடந்த வாட்டர்லூ கோப்பைப் பந்தயமும் அவ்வகையினதே. 2004-ம் வருஷத்து வேட்டைச் சட்டம் 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்ததும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெருமுயலோட்டம் குற்றமாயிற்று. 2022-ல் தண்டனை மேலும் கடுமையாக்கப்பட்டது. நிலத்துக்குரியவரின் அனுமதியோடு குழிமுயலையும் எலியையும் நாயால் பிடித்தல் மாத்திரம் அச்சட்டத்தால் விலக்கப்படவில்லை.

புல் கலப்பு பெயரெடுத்தது நரிவேட்டையில். நரி ஓட்டத்தில் பெருமுயலுக்குக் குறைந்தது; ஆனால் பிடிபட்டதும் திரும்பிக் கடிக்கும். தூய ஓட்டநாய்களிற் பல ஒருமுறை முகத்தில் கடிபட்டபின் அடுத்த முறை தயங்கும். புல் கலப்பு தயங்காது. அந்தத் தயங்காமையே அதற்குக் கேடாகவும் முடிந்தது. மூக்கும் உதடும் கிழிந்து, பற்கள் உடைந்து, வடுக்கள் நிறைந்த நாயைப் பெருமையாகக் காட்டும் வழக்கம் சிலரிடையே ஏற்பட்டது. காயம்பட்ட நாய்க்குத் தக்க சிகிச்சை செய்யாதிருத்தல் 2006-ம் வருஷத்துப் பிராணி நலச் சட்டப்படி குற்றம். நரியை நாய்விட்டுத் துரத்திக் கொல்லுவதும் 2005 முதல் தடைப்பட்டது. ஆகவே எந்த வேலையில் புல் இரத்தம் வேகக் குறைவை ஈடுசெய்ததோ, அவ்வேலை அந்நாட்டில் சட்டத்திற்குப் புறம்பாயிற்று.

கனத்த கலப்பிற்கு ஏற்ற வேலை இன்றும் உள்ள இடம் ஆஸ்திரேலியா. 1788-ல் குடியேறிய வெள்ளையர் கொண்டுவந்த பன்றிகளும் பின்னர் வந்தவையும் காடேறிப் பெருகி, பயிரையும் நீர்நிலைகளையும் பாழ்படுத்துகின்றன. நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து மாகாணங்களில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு இவற்றை நாய்களால் வேட்டையாடுவதுண்டு. மோப்பத்தால் தேடி மறித்து நிற்பவை ஒரு வகை. ஆள் வரும்வரை காதைப் பற்றி நிறுத்துபவை மற்றொரு வகை. புல் கலப்பு பின்னதற்கு உரியது. பன்றியின் கோரை குத்தாதபடி அதற்கு அகன்ற கழுத்துப் பட்டையும் மார்புக் கவசமும் அணிவிப்பர். இவ்வேலையில் மணிக்கு ஐந்து மைல் கூடினும் குறையினும் பெரிதன்று. பற்றியபின் விடாமையே முக்கியம். எனினும் பன்றிகளைக் கணிசமாகக் குறைப்பவை கூண்டும், நஞ்சிட்ட இரையும், விமானத்திலிருந்து சுடுதலுமே.

தென்பாண்டி நாட்டில் மெலிந்த சிப்பிப்பாறையையும் கன்னியையும் முயலுக்கும், கட்டுடலுள்ள கோம்பை நாயைப் பன்றிக்கும் எனப் பிரித்து வைத்த பழைய வழக்கமும் இதே அனுபவத்தின் பயன் என்று கூறலாம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்தியாவில் அவ்வேட்டைக்கு இடமில்லை.

குட்டி தெரிந்தெடுத்தல்

தூய கிரேஹவுண்டையும் தூய புல் டெரியரையும் சேர்த்துப் பெற்ற முதற் கலப்புக் குட்டிகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். கலப்பையும் கலப்பையும் சேர்த்துப் பெற்றவை அவ்விதமல்ல. ஒரே ஈற்றில் ஒன்று புல்லின் தலையும் குட்டைக் காலும் உடையதாகவும், மற்றொன்று கிரேஹவுண்டையே ஒத்ததாகவும் பிறக்கும். 'பாதி இரத்தம்' என்ற சொல்லை மாத்திரம் நம்பி அத்தகைய ஈற்றில் கண்ணை மூடி வாங்குதல் சீட்டாட்டத்திற்கு ஒப்பாகும். தாயும் தந்தையும் வேலை செய்வதை நேரிற் காணவேண்டும். பெற்றோரின் உயரத்தையும் விசாரித்தல் தகும்: ஸ்டாஃபோர்ட்ஷயர் 14 முதல் 16 அங்குலம், ஆண் கிரேஹவுண்ட் 28 முதல் 30 அங்குலம்.

பிரிட்டனில் வாங்குபவர் மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். 1991-ம் வருஷத்து அபாயநாய்ச் சட்டம் பிட்புல் வகையைத் தடுக்கிறது. அவ்வகை என்று தீர்மானிப்பது பெற்றோரைக் கொண்டன்று. நாயின் உருவ அளவுகளைக் கொண்டே. தலையும் மார்பும் மிகக் கனத்த கலப்பு நாய், குற்றமொன்றும் செய்யாமலே பறிமுதலாகக் கூடும்.

குட்டிக்கு ஒரு வயது நிரம்பி எலும்பு முதிரும் வரையில் கடும் ஓட்டத்தில் விடலாகாது. முதிர்ந்த நாயிலும் உஷ்ணத்தைக் கவனிக்கவேண்டும். நாயின் இயற்கையான உடற்சூடு 101 முதல் 102½ டிகிரி. பந்தயம் ஓடி முடித்த கிரேஹவுண்டில் அது 106 டிகிரியையும் தாண்டுவதுண்டு. நாய் தன் சூட்டை முக்கியமாக மூச்சிரைப்பினாலேயே தணித்துக்கொள்வதால், முகம் குறுகித் தசை கனத்த புல் கலப்புக்குச் சூடு தணியத் தாமதமாகும். களைப்பையும் அது எளிதிற் காட்டிக்கொள்ளாது. ஓட்டம் முடிந்ததும் நிழலில் நிறுத்தி, உடல்மீது குளிர்ந்த நீரை ஊற்றிக் காற்றுப்படச் செய்து, இரைப்பு அடங்கும் வரையில் அடுத்த முயல்மேல் ஏவாதிருக்க வேண்டும்.