பந்தும் பாடநூலும்

நுழையும்முன்

பள்ளி அணிக்காக ஆடிய மாணவர் பலர், கல்லூரி அணியிலும் இடம்பெற விழைகின்றனர். அவ்விழைவு நிறைவேறும் வழியையும் அதற்கு வேண்டிய உழைப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தோல் தொழிலும் கால்பந்தும்

வேலூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய மலையடிவாரத்தில் அமைந்த ஊர் பேரணாம்பட்டு. ஆம்பூர், வாணியம்பாடியைப் போல இவ்வூரும் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. ஒரு காலத்தில் கால்பந்தும் தோலால் தைக்கப்பட்டதே. மழையில் நனைந்தால் அது நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். 1986ஆம் ஆண்டு மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில்தான் முழுதும் செயற்கை இழைமத்தாலான பந்து முதன்முதலில் பயன்படுத்தப்பட்டது.

பந்திலிருந்து தோல் விடைபெற்றாலும், தோல் பதனிடும் ஊர்களிலிருந்து விளையாட்டு விடைபெறவில்லை. இப்பகுதியில் தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. அவற்றைத் தைப்போரின் பிள்ளைகளுக்கோ ஓர் இணை ஆட்டக் காலணி வாங்குவதும் எளிதன்று. அத்தகைய இல்லத்து மாணவர் ஒருவர், "பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நான் ஆட முடியுமா?" என்று வினவினால், நாம் என்ன விடை கூறுவோம்?

திறந்திருக்கும் வாயில்கள்

குறுவட்டம், மாவட்டம், மாநிலம் எனப் பள்ளிப் போட்டிகள் படிப்படியாக உயர்கின்றன. பள்ளிகளுக்கிடையேயான சுப்ரதோ கோப்பைப் போட்டி 1960ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. இப்போட்டிகளில் பெறும் சான்றிதழ்களை மாணவர்கள் பேணிக் காத்தல் வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்க்குத் தனி ஒதுக்கீடு உண்டு. பொறியியல் கலந்தாய்வில் மட்டும் 500 இடங்கள் அவர்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. கல்லூரி அணியில் ஒளிர்வோர் பல்கலைக்கழக அணிக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிக்கும் செல்லலாம்.

கால்பந்தால் உயர்ந்தோர் நம்மிடையே உள்ளனர். 1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர் தமிழரான சைமன் சுந்தரராஜ். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணிக்காக ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியேற்றார். 2018ஆம் ஆண்டு கட்டாக்கில் மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாட்டு மகளிர் அணி முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றபோது அவ்வணியில் அவரும் இருந்தார்.

இரு கால்களும் வேண்டும்

ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. ஒதுக்கீட்டு இடங்கள் சில, விழைவோர் பலர். தேர்வு நாளில் கால் இடறலாம். முழங்கால் தசைநார் ஒன்று கிழிந்தால் ஓராண்டு ஆட்டமும் நின்றுபோகலாம். எனவே, பந்தை மட்டும் நம்பிப் பாடநூலை மூடிவைப்பது அறிவுடைமை ஆகாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர விரும்புவோரும் பொதுத்தேர்வில் தேர்ச்சி பெற்றாக வேண்டும். கல்லூரி விளையாட்டுக்குப் புகழ்பெற்ற அமெரிக்காவிலும், பள்ளிப் படிப்பில் உரிய தரத்தை எட்டாதவர் முன்னணிக் கல்லூரி அணிகளில் ஆட இயலாது.

அதற்காகப் பந்தைப் பரண்மேல் ஏற்றிவிடவும் வேண்டா. விடியலில் ஒரு மணிநேரப் பயிற்சி உடலை உரப்படுத்தும். தோல்வியைத் தாங்கும் மனத்தையும் தரும். அந்த மனம் தேர்வு அறையிலும் துணைநிற்கும். வலக்காலால் மட்டுமே உதைப்பவரை எதிரணி எளிதில் மடக்கிவிடும். இருகாலும் பழகியவரை மடக்குவது அரிது. கல்வியும் விளையாட்டும் மாணவர்க்கு அத்தகைய இரு கால்கள்.

அம்மாணவரின் வினாவுக்கு விடை இதுவே: ஆட முடியும். அணியில் இடம் கிடைத்தால் பந்தோடு கல்லூரிக்குச் செல்லலாம். கிடைக்காவிடினும் கல்லூரிக்குச் செல்லும் வழி அடைபடாதவாறு இன்றே படிக்கத் தொடங்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் கலந்துரையாடி, விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தேவையான சான்றிதழ்களைப் பட்டியலிடுக.

2. 'விளையாட்டு கல்விக்குத் தடையா, துணையா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.