எச் சான்றிதழுக்குப் படிக்கிற தம்பிக்கு

கண்ணை மூடிக்கிட்டே ஸ்விட்ச் போர்டு மாட்டற ஆளுடா நீ, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா எச் சான்றிதழுக்கான மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுல, 'ஏன் இப்படிப் போட்டே?'ன்னு ஒரு கேள்வி வந்தா முழிப்பே. 'மேஸ்திரி இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்'னு எழுதினா மார்க் போட மாட்டாங்க.

இந்த வயசுல பரீட்சை எதுக்குன்னு அம்மா கேட்டா இதைச் சொல்லு. உரிமம் வாங்கின கான்ட்ராக்டர் இல்லாம, தகுதிச் சான்று உள்ளவங்க மேற்பார்வை இல்லாம ஒயரிங் வேலை நடக்கக் கூடாதுன்னு 1956 மின்சார விதிகள்ல 45-ஆம் விதி இருந்துச்சு. 2023-ல வந்த புது ஒழுங்குமுறையும் அதைக் கைவிடல. அறநிலையத்துறைக் கோயில்கள்ல மின்பணியாளர் வேலைக்கு விளம்பரம் வந்தா, ஐடிஐ படிப்போட எச் சான்றிதழும் கேட்கறாங்க. கபாலி கோயிலைச் சுத்தி வளர்ந்தவனுக்கு இதுக்கு மேல விளக்கணுமா?

விண்ணப்பம் அரசு ஐடிஐ மூலமாத்தான். 21 வயசு ஆகியிருக்கணும், மேல் வரம்பு கிடையாது. ஒயரிங் வேலையில 5 வருஷ அனுபவம் இருந்தா அந்த வழியிலயும் எழுதலாம். அனுபவக் கடிதத்தை மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே. தி.நகர்ல கடை வேலை கொடுத்த கான்ட்ராக்டர் அந்த நேரம் பார்த்துதான் ஊர்ல இருக்க மாட்டார்.

இனி படிப்பு. கைடு புத்தகத்தை முதல் பக்கத்துலேருந்து உருப்போடாதே. அன்னன்னிக்குப் பார்த்த வேலையை ராத்திரி நோட்டுல படமா வரைஞ்சு, பக்கத்துலயே காரணம் எழுது. மாட வீதிப் பக்கம் பழைய வீடு ஒண்ணுக்குப் போறே. மரச்சட்டத்துல ஓடற ஒயர், பீங்கான் ஃபியூஸ் கேரியர். லைட்டை அணைச்சாச்சு, ஆனா ஹோல்டர்ல டெஸ்டர் வைச்சா எரியுது. பல தடவை காரணம், ஸ்விட்சை நியூட்ரல்ல போட்டிருப்பாங்க. விளக்கு அணைஞ்சாலும் ஹோல்டர்ல பேஸ் நிக்கும், பல்ப் மாத்தறவர் ஷாக் வாங்குவார். இதை நாலு வரியில எழுதினா 'ஸ்விட்ச் ஏன் பேஸ்ல இருக்கணும்?'ங்கற கேள்வி முடிஞ்சுது. நியூட்ரல்ல தனியா ஃபியூஸ் போடக் கூடாதுங்கறதுக்கும் காரணம் அதேதான்.

நிறைய பேர் மெக்கர் கேள்வியில தடுமாறுவாங்க. 500 வோல்ட் மெக்கர், ரீடிங் குறைஞ்சது 1 மெகா ஓம், இது எல்லாருக்கும் தெரியும். எதைக் கழட்டணும், எதைப் போடணுங்கறதுலதான் குழப்பம். டெஸ்ட் ரெண்டு, ரெண்டுக்குமே மெயின் ஆஃப்ல இருக்கணும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல பார்க்கும்போது பல்ப் எல்லாம் கழட்டி, ஸ்விட்ச் எல்லாம் ஆன். எர்த்துக்குப் பார்க்கும்போது பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, பல்ப் போட்டு, ஸ்விட்ச் ஆன். இதெல்லாம் பழைய குண்டு பல்பை வைச்சு எழுதின முறை. அடையார் ஃப்ளாட்ல நிஜமா டெஸ்ட் பண்ணும்போது டிவி, எல்இடி எல்லாத்தையும் பிரிச்சிடு, 500 வோல்ட்டை அதெல்லாம் தாங்காது.

கணக்குக்குப் பயப்படாதே, வீட்டு கீசரே போதும். 2000 வாட்டை 230 ஆல வகுத்தா 8.7 ஆம்பியர். அதனாலதான் 6 ஆம்பியர் சாக்கெட்ல செருகக் கூடாது, 16 வேணும். தினம் அரை மணி நேரம் ஓடினா 30 நாளைக்கு 30 யூனிட். எர்த் பைப்புக்கு அளவு மனப்பாடம்தான், வேற வழியில்ல: ஜிஐ பைப் 40 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மீட்டர் நீளம், கட்டடத்திலேருந்து 1.5 மீட்டர் தள்ளி. ஆளைக் காப்பாத்தற எர்த் லீக்கேஜ் பிரேக்கர் 30 மில்லி ஆம்பியர்.

வீட்ல டிவி சத்தத்துல படிக்க முடியலன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போ. சொந்தப் புத்தகம் எடுத்துட்டுப் போய்ப் படிக்க அங்கே தனிப் பிரிவே இருக்கு. ஒயரிங்குக்கு ஐஎஸ் 732, எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043. ரெண்டையும் பிஐஎஸ் இணையதளத்துல இலவசமா இறக்கிக்கலாம். முழுசும் படிக்க வேண்டாம், படங்களைப் பார்த்தாலே பாதி புரியும்.

செய்முறைக்கு மாடிப்படி ஒயரிங்கை ரெண்டு டூ-வே ஸ்விட்ச் வைச்சு வீட்டுப் பலகையில போட்டுப் பழகு. வேகம் காட்டாதே. இன்சுலேஷனைப் பல்லால கடிச்சு உரிக்கற பழக்கத்தை இன்னைக்கே விடு, பார்க்கறவங்க முகம் சுளிப்பாங்க. ஸ்க்ரூவுக்கு வெளியே செம்பு தெரியக் கூடாது. சப்ளை கொடுக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் லேம்ப்ல ஒரு தடவை பார். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுட்டுப் போ.

இன்னொண்ணு, உன் பேர். ஆதார்ல அப்பா பேர் முழுசா இருக்கு, ஸ்கூல் சர்டிஃபிகேட்ல இனிஷியல் மட்டும். பாஸ் பண்ணின பிறகு சான்றிதழுக்காக கிண்டியில உரிமம் வழங்கும் வாரியத்துப் படி ஏறும்போது இது கிளம்பினா அலைச்சல் உனக்குத்தான். இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போயிட்டு வா.