பரல் அடுப்பு: புகை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பரல் அடுப்பு என்பது 200 லீற்றர் இரும்புப் பரல் ஒன்றின் அடியில் கரிக்கூடையும் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே கம்பித்தட்டும் பொருத்தி, மூடியிட்டு, இறைச்சியை மணிக்கணக்கில் மெல்லிய சூட்டிலும் புகையிலும் வேகவைக்கும் பாபிகியூ அடுப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு வேண்டியவை எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். பரலுக்குப் பழைய இரும்புக் கடை, துளைபோட ஒரு கராஜ், எரிபொருளுக்குச் சிரட்டைக்கரி, வாசனைக்குப் புளியங்கட்டையோ மாங்கட்டையோ போதும். புகையும் இம்மண்ணுக்குப் புதிதல்ல. புகையிலையைக் குடிலில் இட்டுப் பொச்சுமட்டைப் புகையில் பதப்படுத்துவதும், வாழைக்குலைக்குப் புகை போட்டுப் பழுக்க வைப்பதும் பழகிய தொழில்கள். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். அத்தொழில்களில் நெருப்பை அமுக்கிப் புகையைக் கூட்ட வேண்டும். இறைச்சிக்கு அது நேர்மாறு.

புகை அடர்ந்தால் சுவை கூடும் என்பது முதல் நம்பிக்கை. வெள்ளையாகத் திரண்டு வரும் புகை, ஒட்சிசன் போதாமல் கட்டை அரைகுறையாக எரிவதன் அடையாளம். அதிலுள்ள தாரும் கரித்துகளும் இறைச்சியின் மேல் படிந்து நாக்கில் கசப்பாக ஒட்டிக்கொள்ளும். மரத்தின் லிக்னின் சிதையும்போது உண்டாகும் குவாயகோல், சிரிங்கோல் ஆகிய சேர்மங்களே விரும்பத்தக்க மணத்தைத் தருபவை. நன்றாக எரியும் சிறு நெருப்பிலிருந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும் நீலம்பாய்ந்த புகையே அவற்றுக்குப் போதும். கட்டையை ஊறவைத்தால் நல்ல புகை வரும் என்பதும் இதே வகை. ஒரு மணி நேரம் ஊறிய கட்டையிலும் நீர் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் உள்ளே போவதில்லை. முதலில் எழுவது புகையன்று, நீராவி. நீர் வற்றும்வரை கட்டை எரியவும் தொடங்காது.

எந்த மரமும் சரி என்பதை மட்டும் நம்பவே கூடாது. வேம்பு கசக்கும், அவ்வளவுதான். வேலியோரத்து அலரி, மஞ்சள் அலரி இரண்டும் நஞ்சு. அவற்றின் புகையும் ஆகாது, இறைச்சி கோக்கும் குச்சியாகவும் ஆகாது. வர்ணம் பூசிய பலகைக்கும் இதுவே விதி.

சிரட்டையை அப்படியே போட்டாலும் கரிதானே என்பர். பச்சைச் சிரட்டை எண்ணெய்ப்பசையோடு சுவாலைவிட்டுக் கரும்புகை கக்கும். முற்றாகக் கரியாக்கப்பட்ட சிரட்டை அப்படியன்று. சூடு அதிகம், சாம்பல் குறைவு. ஆனால் அது எளிதில் நொறுங்கும். தூளும் பொடியும் இடைவெளிகளை அடைத்தால் காற்று ஏறாது. ஆகவே சலித்துத் துண்டுகளை மட்டும் கூடையில் இடுவது நல்லது. பற்றவைக்க மண்ணெண்ணெய் வேண்டியதில்லை. அதன் வாடை இறைச்சிவரை போகும். பன்னாடையும் காய்ந்த ஓலையும் போதும்.

பரலைத் தேர்வதிலும் ஒரு தவறு வழமையாக நடக்கிறது: எரித்துவிட்டால் எந்தப் பரலும் சுத்தம் என்ற எண்ணம். பூச்சிமருந்தோ இரசாயனமோ இருந்த பரலை எவ்வளவு எரித்தாலும் அடுப்பாக்கக் கூடாது. சமையல் எண்ணெய் வந்த பரலிலும் உட்பூச்சு இருக்கலாம். விறகு நெருப்பில் அதை எரித்து, சுரண்டி, பிறகு தேங்காய் எண்ணெய் தடவிச் சூடேற்ற வேண்டும். கரியைத் தாங்கும் கூடைக்கு நாகமுலாம் பூசிய வலை கூடாது. நாகம் சுமார் 420 பாகை செல்சியஸில் உருகிவிடும். தணல் அதைவிட வெகு சூடானது.

சூட்டைத் தீர்மானிப்பது கரியின் அளவு என்ற நம்பிக்கைதான் அதிக இறைச்சியைக் கருக்கியிருக்கும். உண்மையில் எரியும் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே வரும் காற்று. பரலின் அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், சுற்றிவர முக்கால் அங்குலத் துளைகள் மூன்று இட்டு, ஒன்றுக்கு வால்வும் மற்றவற்றுக்குத் திருகுமூடியும் பொருத்தினால் போதும். கூடை துளைகளுக்கு மேலே நிற்க வேண்டும். இல்லாவிடில் சாம்பல் அவற்றை மூடிவிடும். கூடை நிறையக் கரி இருக்கலாம். பற்றவைப்பது நடுவில் ஒரு கைப்பிடியை மட்டுமே. இலக்கு 120 பாகை என்றால் வெப்பமானி முள் 100ஐத் தொடும்போதே துளைகளை ஒடுக்கத் தொடங்க வேண்டும். ஏறிய சூடு இறங்க நெடுநேரம் பிடிக்கும். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் கால் மணி நேரமாவது பொறுப்பது இதில் பாதித் திறமை.

சூடு கூடினால் புகை வெளியேறும் மேல்துளையை மூடுவதும் மூடியைத் திறப்பதும் கை தானாகச் செய்யும் வேலைகள், இரண்டும் பிழை. மேல்துளையை மூடினால் பழைய புகை உள்ளே தேங்கி இறைச்சியில் கரி படியும். மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் வெப்பம் வெளியேறுவது உண்மை. ஆனால் கூடவே தணலுக்குக் காற்றுக் கிடைக்கிறது. மூடிய பின் சூடு முன்னையதைவிட உயரும். சோளகம் அடிக்கும் மாதங்களில் வால்வு காற்றை எதிர்நோக்கி இருந்தால், பாதி மூடியதும் முழுதாகத் திறந்ததுபோல் நடந்துகொள்ளும். வால்வைக் காற்றுக்கு மறுபக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

மூடியில் பதித்த வெப்பமானி அந்த இடத்தின் சூட்டையே சொல்லும், இறைச்சிப் பக்கத்துச் சூட்டை அன்று. கம்பித்தட்டின் மட்டத்தில் இன்னொன்று தேவை. அதைச் சோதிப்பது குடாநாட்டில் சுலபம்: நிலம் ஏறக்குறையக் கடல் மட்டம்தான், கொதிநீரில் முள் 100ஐக் காட்ட வேண்டும்.

பெரிய ஆட்டுத்தொடையோ பன்றித்தோளோ வேகும்போது, உட்சூடு 65 முதல் 75 பாகைக்குள் மணிக்கணக்காக அசையாமல் நிற்பதுண்டு. நெருப்பு அணைந்துவிட்டது என்று கரி கொட்டுவோர் பலர். நெருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியே, மேற்பரப்பு ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விக்கிறது. வாட்டிய வாழையிலையில் பொதிந்து அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றினால் ஆவியாதல் குறைந்து சூடு ஏறும். இணைப்புத்திசு கரைந்து இறைச்சி நாராகப் பிரிய 90 பாகைக்கு மேல் போக வேண்டும்.

உள்ளே சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்பதும் சரியன்று. புகையிலுள்ள நைத்திரிக் ஒட்சைட்டும் காபனோரொட்சைட்டும் தசையின் மயோகுளோபினோடு சேர்ந்து ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையத்தை உண்டாக்கும். கோழிக்கு நிறத்தைப் பார்க்க வேண்டாம். தொடையின் தடித்த பகுதி 74 பாகையை எட்டினால் அது வெந்துவிட்டது.

புகையிட்டது கெடாது என்ற எண்ணம் கருவாட்டுப் பழக்கத்திலிருந்து வந்தது. கருவாட்டைக் காப்பது உப்பும் உலர்வும். ஈரமாகவே இருக்கும் இந்த இறைச்சி சாதாரணக் கறியைப் போலவே கெடும். 32 பாகைக்கு மேற்பட்ட வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டும்.

கடைசியாக, தண்ணீர் ஊற்றி அணைக்கும் வழக்கம். ஈரச்சாம்பலும் உப்புக்காற்றும் சேர்ந்து பரலின் அடியைச் சீக்கிரம் அரித்துவிடும். மேலும் கீழும் துளைகளை முற்றாக அடைத்தால் நெருப்பு தானே அடங்கும்; மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு உதவும். தணல் ஆறும்வரை காபனோரொட்சைட்டு வெளிவந்துகொண்டே இருப்பதால், மழை வந்தாலும் பரலை வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டிலுக்குள்ளோ இழுத்து வைக்கக் கூடாது. சாம்பலை மறுநாள் காலையில் அள்ளலாம்.