மனசுக்கும் ஒரு லாக் புக்



"எப்படி இருக்க?" என்று யாராவது கேட்டால் நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஓகே லா." அசைன்மெண்ட் மூன்று பாக்கி இருந்தாலும் ஓகே. வீட்டில் பணக் கஷ்டம் என்றாலும் ஓகே. ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் காற்றாடியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாலும் ஓகே. வழியில் பார்ப்பவரிடம் அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனா கொஞ்ச நாளில் நமக்கு நாமே அதே பதிலைச் சொல்ல ஆரம்பிச்சிடுறோம். அங்கேதான் சிக்கல்.

இந்த மாதப் பாடம், மனநலத்துக்காகக் குறிப்பேடு எழுதுவது பற்றி. "டைரியா? அதெல்லாம் நமக்கு வராது" என்று பக்கத்தைத் திருப்பிடாதீங்க. நான் பொறியியல் படிக்கிறேன். கவிதை எழுத எனக்கும் வராது. இங்கே சொல்லப்போகும் குறிப்பேட்டுக்கு அழகான தமிழும் வேண்டாம், நீண்ட பக்கங்களும் வேண்டாம். ஒரு பேனாவும் பழைய எக்ஸர்சைஸ் புத்தகமும் போதும்.

1. அளக்காமல் பழுது பார்க்க முடியாது

லேப்பில் ஒரு சர்க்யூட் வேலை செய்யவில்லை என்றால் முதலில் என்ன செய்வோம்? மல்டிமீட்டரை எடுப்போம். எந்த இடத்தில் எத்தனை வோல்ட், எதை மாற்றினோம், மாற்றிய பிறகு என்ன ஆனது என்று லாக் புக்கில் எழுதுவோம். "சர்க்யூட் சரியில்லை" என்று மட்டும் எழுதி வைத்தால் அதை வைத்து யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது.

மனசு நமக்குத் தரும் ரிப்போர்ட் பெரும்பாலும் அந்த மாதிரிதான் இருக்கும். "எல்லாம் போச்சு." "நான் எதுக்கும் லாயக்கில்ல." "யாருக்கும் என்னைப் பிடிக்கல." இவற்றில் நேரம் இல்லை, இடம் இல்லை, அளவும் இல்லை. எழுத உட்கார்ந்தால்தான் கேள்வி வருது: எல்லாமேவா? எது போச்சு? எப்போ? "செவ்வாய்க்கிழமை க்விஸ், 20க்கு 6" என்று எழுதினால், அது வருத்தமான செய்திதான். ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. எல்லை உள்ள பிரச்சினையைத்தான் கையில் எடுத்துப் பார்க்க முடியும்.

2. ஆராய்ச்சி என்ன சொல்லுது?

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சான்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து 1986-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் கலந்துகொண்டவர்கள் நம்மைப் போன்ற பல்கலைக்கழக மாணவர்கள். தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையில் மனசை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். அந்த நிகழ்வையும் அதோடு வந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைவாக இருந்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும். முதலாவது, எழுதி முடித்த உடனே அவர்களுக்கு நிம்மதி வந்துவிடவில்லை. அந்த நேரத்தில் மனசு இன்னும் கனமாகத்தான் இருந்தது. அதனால் முதல் நாள் எழுதிவிட்டு அழுகை வந்தால் "இது எனக்கு ஒத்து வராது" என்று முடிவு கட்டிடாதீங்க. இரண்டாவது, பென்னிபேக்கரின் பிந்தைய ஆய்வுகளில், நாளாக ஆக "ஏன்னா", "இப்பதான் புரியுது" போன்ற காரணம் தேடும் சொற்கள் யாருடைய எழுத்தில் கூடினவோ, அவர்களுக்குத்தான் பலனும் கூடுதலாகத் தெரிந்தது. அதாவது, கொட்டித் தீர்ப்பது மட்டும் போதாது. கொட்டியதைக் கோத்துப் பார்க்கணும்.

தூக்கம் வராதவர்களுக்கு இன்னொரு ஆய்வு. மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2018-ல் வெளியிட்டது. 57 இளைஞர்களில் ஒரு பாதி, படுப்பதற்கு முன் 5 நிமிடம், அடுத்த சில நாட்களில் செய்யவேண்டிய வேலைகளை எழுதினார்கள். மறுபாதி, ஏற்கனவே முடித்த வேலைகளை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரமாகத் தூங்கினார்கள். மறந்துடுவோமோ என்ற பயத்தில் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததை, தாள் வாங்கி வைத்துக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

3. நமக்குப் புதுசு இல்ல

இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சுவாமி சிவானந்தர் 1887-ல் திருநெல்வேலி பக்கத்துப் பத்தமடையில் பிறந்தவர். துறவியாவதற்கு முன் 1913 முதல் சுமார் பத்து ஆண்டுகள் நம் மலாயாவில், சிரம்பானிலும் ஜோகூரிலும் மருத்துவப் பணி செய்தார். பிறகு இந்தியா திரும்பி, 1936-ல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கினார். தம் மாணவர்களுக்கு அவர் வற்புறுத்திச் சொன்னவற்றில் ஒன்று ஆன்மீக நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய், எத்தனை முறை கோபம் வந்தது என்று கேள்விகள் வரிசையாக இருக்கும். தினமும் கட்டத்தில் பதில் எழுத வேண்டும்.

அது சாதனை செய்பவர்களுக்கானது. மனநலச் சிகிச்சை அல்ல. ஆனால் அந்த முறையைப் பாருங்க. நீளமான புலம்பல் இல்லை. சின்னக் கேள்வி, நேர்மையான பதில், தினமும். கேள்விகளில் தூக்கமும் இருக்கிறது. உடம்பை விட்டுவிட்டு மனசை மட்டும் தனியாகக் கணக்கெடுக்க முடியாது என்பது மருத்துவராக இருந்தவருக்குத் தெரிந்திருக்கும்.

4. நான்கு வரி முறை

நான் பயன்படுத்தும் முறை இது. தினமும் ஒரே நேரம், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

முதல் வரி: என்ன நடந்தது? கேமரா பார்த்திருந்தால் என்ன பதிவாகியிருக்குமோ அதை மட்டும். "அவன் என்னை மதிக்கல" என்பதைக் கேமராவால் பார்க்க முடியாது. "நான் பேசும்போது அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்" என்பதைப் பார்க்க முடியும்.

இரண்டாம் வரி: என்ன உணர்ந்தேன்? "மூட் இல்ல" என்று எழுதாதீங்க. பயமா, கோபமா, பொறாமையா, வெட்கமா, தனிமையா? சரியான சொல்லைத் தேடுங்க. பக்கத்தில் 1 முதல் 10 வரை ஓர் எண் போடுங்க.

மூன்றாம் வரி: ஏன் இருக்கலாம்? "ஏன்னா..." என்று தொடங்குங்க. முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினேன், கடைசியாக எப்போ சாப்பிட்டேன் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்க.

நான்காம் வரி: அடுத்து என்ன? நாளைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு சின்ன வேலை. "நல்லா படிக்கணும்" வேண்டாம். "காலை 10 மணிக்கு லைப்ரரியில் இரண்டாவது கேள்வியை மட்டும் போட்டுப் பார்க்கணும்" என்று எழுதுங்க.

எழுத்துப்பிழை பார்க்காதீங்க. தமிழ், மலாய், ஆங்கிலம் எது வருதோ கலந்து எழுதுங்க. வீட்டில் யாராவது எடுத்துப் படிச்சிடுவாங்க என்ற பயம் இருந்தால், ரொம்ப அந்தரங்கமான பக்கத்தை எழுதி முடித்ததும் கிழித்துப் போட்டுடலாம். எண்ணையும் நான்காம் வரியையும் மட்டும் வேறொரு தாளில் வைத்துக்கொள்ளுங்க. ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் தொடருங்க, அவ்வளவுதான். விட்டுப்போன நாளுக்காக உங்களையே திட்டிக்கொள்ள இன்னொரு புத்தகம் தேவையில்லை.

5. என் பக்கங்கள் எனக்குக் காட்டியது

என் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று முறை, திங்கள், புதன், வெள்ளி, டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். நான் ஹாஸ்டலில். அம்மா எல்லா வேலையையும் முடித்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு மேல்தான் போன் செய்வார்.

அந்த செமஸ்டரில் எனக்கு ஒரே எண்ணம்: "இந்தப் படிப்பு எனக்கு வராது." செவ்வாய்க்கிழமை கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பு ஒன்றுமே மண்டையில் ஏறாது. வியாழன் லேப்பில் கை நடுங்கும். படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டில் பணமும் தேவையாக இருந்தது.

மூன்று வாரம் நான்கு வரி எழுதின பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்களை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். செவ்வாய் 8, வியாழன் 7, சனி 8. மற்ற நாட்களில் 3 அல்லது 4. பாடத்துக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை; சனிக்கிழமை எனக்கு வகுப்பே கிடையாது. டயாலிசிஸ் நாள் ராத்திரி அம்மாவிடம் பேசிவிட்டு நான் தூங்கியது பெரும்பாலும் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. மறுநாள் எண் ஏறியது. எனக்கு இருந்தது படிப்பு வராத பிரச்சினை இல்லை. அப்பாவைப் பற்றிய பயமும் தூக்கமின்மையும். அதற்கு நான் வேறு பெயர் வைத்திருந்தேன்.

அடுத்த நாளே அம்மாவிடம் பேசினேன். டயாலிசிஸ் முடிந்ததும் சாயந்திரமே தம்பி எனக்கு மெசேஜ் போடுவது, அம்மா எட்டரை மணிக்குப் பேசுவது என்று மாற்றிக்கொண்டோம். "எனக்குப் பயமா இருக்கும்மா" என்றும் சொன்னேன். அதை அதுவரை நான் சொன்னதே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எனக்கும்தான் கண்ணு" என்றார்.

அப்பாவின் நோய் அப்படியேதான் இருக்கு. பயமும் முழுசாப் போகல. ஆனா செவ்வாய்க்கிழமை எண் 8-லிருந்து 5-க்கு வந்தது. படிப்பை நிறுத்தும் யோசனை அந்தப் பக்கங்களில் பிறகு வரவே இல்லை.

6. குறிப்பேட்டால் முடியாதது

கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்தால் "கீ..." என்று காது கிழியுமே, ஏன்? ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து, மறுபடி மைக்குக்குள் போகிறது. மனசும் சில நேரம் இப்படிச் சுற்றும். அதே நினைப்பு, அதே கேள்வி, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் சத்தமாக. இப்படி அசைபோடுவது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார்.

உங்கள் குறிப்பேடும் அந்த மைக்காக மாறலாம். தொடர்ந்து நான்கைந்து நாள் ஒரே வாக்கியத்தையே எழுதுகிறீர்கள், நான்காம் வரி காலியாகவே இருக்கிறது என்றால், அன்றைக்குப் புத்தகத்தை மூடுங்க. நடக்கப் போங்க, ஒரு நண்பரைத் தே தாரிக் குடிக்கக் கூப்பிடுங்க. மைக்கை நகர்த்தினால்தான் சத்தம் நிற்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனசு சோர்ந்தே இருக்கு, எதிலும் ஆர்வம் இல்லை, தூக்கமும் பசியும் மாறிப்போச்சு என்றால், அது தனியாகக் குறிப்பேட்டோடு சமாளிக்கும் விஷயம் இல்லை. பல்கலைக்கழகக் கவுன்சலரையோ, அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் உள்ள டாக்டரையோ பாருங்க. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் புத்தகத்தையே எடுத்துட்டுப் போங்க. "ஓகே லா" என்று வாய் சொல்லிவிடும். தேதியும் எண்ணும் உள்ள பக்கம் அப்படிச் சொல்லாது.

உயிரை விட்டுடலாம் என்ற எண்ணம் வந்தால், எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே ஒருவரிடம் பேசுங்க. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, 24 மணி நேரமும் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. உங்கள் நண்பர் அப்படிப் பேசினால் "சும்மா சொல்றான்" என்று விட்டுடாதீங்க. பக்கத்தில் இருந்து நீங்களே எண்ணை அழுத்திக் கொடுங்க.

இந்த வாரப் பயிற்சி

• ஏழு நாள் நான்கு வரி எழுதுங்க. ஏழாம் நாள் எண்களை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்க. அதிகமான நாட்களுக்கு முந்தின நாளில் என்ன பொதுவாக இருக்கு?

• தூக்கம் வராத ராத்திரியில், படுப்பதற்கு முன் 5 நிமிடம் அடுத்த நாள் வேலைகளை எழுதுங்க. போனில் வேண்டாம், தாளில்.

• குழுவில் பேச ஒரு கேள்வி: நம் வீடுகளில் "பயமா இருக்கு" என்று சொல்வது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கு? யார் முதலில் சொன்னால் மற்றவர்களுக்கும் சொல்ல வரும்? (யாரும் தங்கள் குறிப்பேட்டை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டியதில்லை.)

புத்தகத்தைத் தேடி வாங்கிவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருக்காதீங்க. இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே இடம் இருக்கு. இன்றைய தேதியைப் போட்டு, முதல் வரியை எழுதுங்க.