மீட்டரைப் பார்க்காதீர்கள், டியூபைப் பாருங்கள்

பழைய சி.ஆர்.டி. (படக்குழாய்) ப்ரொஜெக்டரை வீட்டுத் திரையரங்குக்காக இன்று தேடிப்போகிறவர்கள் சிலர்தான். ஆனால் அந்தச் சிலரின் ஆசை சாமானியப்பட்டதல்ல. அவர்கள் தேடுவது கறுப்பை. எல்.சி.டி., டி.எல்.பி. கருவிகளில் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். இரவுக் காட்சியிலும் கொஞ்சம் ஒளி கசிந்து திரை சாம்பல் பூத்துக் கிடக்கும். சி.ஆர்.டி.யில் விளக்கே கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று டியூப், ஒவ்வொன்றுக்கும் தனி லென்ஸ். எலக்ட்ரான் கற்றை படாத இடத்தில் ஒளி பிறப்பதே இல்லை. இருட்டறையில் இதை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மற்றதில் மனம் ஒட்டாது. நானும் அவர்களில் ஒருவன்.

1990களில் ஒரு காரின் விலைக்கு விற்ற கருவிகள் இவை. சோனி, என்.இ.சி., பெல்ஜியத்தின் பார்க்கோ, கனடாவின் எலக்ட்ரோஹோம் ஆகியவை பெரிய பெயர்கள். நான் வசிக்கும் டொரொன்டோவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிச்னர் நகரம்தான் எலக்ட்ரோஹோமின் ஊர். அவர்களுடைய மார்க்கீ வரிசை அங்கிருந்து வந்தது. 1999ல் அந்த ப்ரொஜெக்டர் பிரிவு கிறிஸ்டி நிறுவனத்தின் கைக்குப் போனது. அலுவலகங்கள் இடம் மாறும்போதும் கிடங்குகள் காலியாகும்போதும் இப்படிப்பட்ட கருவிகள் சொற்ப விலைக்கு வெளியே வரும். அப்போது வாங்கப் போகிறவர்கள் காதில் விழுந்த சில நம்பிக்கைகளோடு போகிறார்கள். பணம் போவது அங்கேதான்.

நம்பிக்கை: மீட்டரில் மணிக்கணக்கு குறைவாக இருந்தால் டியூப் நன்றாக இருக்கும்.

இதைவிட அதிகம் பேரை ஏமாற்றிய நம்பிக்கை வேறு இல்லை. இந்த டியூப்களுக்கு 10,000 மணி நேர ஆயுள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதனால் 3,000 என்று பார்த்ததும் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. மீட்டர் எண்ணுவது கருவி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மட்டுமே. என்ன படம் ஓடியது, கான்ட்ராஸ்ட் எவ்வளவு ஏற்றி ஓட்டினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. டியூபின் உள்முகத்தில் பூசிய, ஒளி தரும் பாஸ்பரைத் தேய்ப்பது அந்த இரண்டும்தான்.

ஒரு கிடங்கில் ஒரே மாடலில் இரண்டு கருவிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் 3,200 மணி, மற்றொன்றில் 9,000க்கு மேல். நான் முதலாவதன் பக்கம் நகர்ந்துவிட்டேன். கூட வந்த தம்பி டி.வி. ரிப்பேர் தொழிலில் வளர்ந்தவன். "அண்ணே, மீட்டரை அப்புறம் பாருங்க. முதல்ல டார்ச்சைக் கொடுங்க" என்றான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, லென்ஸின் முன்னால் முகத்தை வைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து உள்ளே பார்த்தோம். குறைந்த மணிக்கணக்குக் கருவியின் பச்சை டியூபில், வெளிறிய பாஸ்பருக்கு நடுவே, பழுப்பேறிய ஒரு செவ்வகம் பட்டை கட்டி நின்றது. அதற்குள் கிடையாகச் சில மெல்லிய கோடுகளும் இருந்தன. ஏதோ ஓர் அலுவலகத்தின் கூட்ட அறையில் ஒரே அட்டவணையை நாள்தோறும் முழு வெளிச்சத்தில் காட்டியிருக்கிறார்கள். அட்டவணையின் கட்டங்கள் டியூபிலேயே பதிந்துவிட்டன. 9,000 மணிக் கருவி ஒரு குடும்பத்தின் படம் பார்க்கும் அறையிலிருந்து வந்தது. அதன் மூன்று டியூப்களிலும் நிறம் சீராகப் பரவியிருந்தது. நான் வாங்கியது அதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. கன்ட்ரோல் போர்டை மாற்றினால் மணிக்கணக்கும் போர்டோடு மாறிவிடும். பழைய உடலில் புது டியூப் போட்டிருந்தால் கணக்கு அதிகமாகக் காட்டும், டியூபோ இளமையாக இருக்கும். ஆக, மீட்டர் பொய் சொல்வது இரண்டு பக்கமும் நடக்கும்.

நம்பிக்கை: ஆன் செய்து பார்த்தேன், படம் அருமையாக வந்தது. அது போதும்.

போதாது. தேய்ந்த டியூபும் அருமையான படம் காட்டும், பழைய அளவிலேயே படம் ஓடும் வரை. பழைய கருவிகள் பெரும்பாலும் 4:3 வடிவத்தில் ஓடியவை. டியூபின் முகத்தில் அந்தச் செவ்வகம் முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், அதே செவ்வகத்துக்குள் ஓடும் படத்தில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் திரைக்கேற்ப அகலத்தைக் கூட்டும்போதுதான் சங்கதி வெளியே வரும்: ஓரங்கள் பளிச்சென்றும் நடுப்பகுதி மங்கியும் நிற்கும். அதற்குள் விற்றவர் போயிருப்பார்.

ஆகவே சோதனையை இப்படிச் செய்யுங்கள். அறையை இருட்டாக்குங்கள். கருவியை அரை மணி நேரமாவது சூடேற விடுங்கள். சூடேறாத கருவியில் ஃபோகஸையும் கன்வர்ஜென்ஸையும் (மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதை) பார்ப்பது வீண். பிறகு மூன்றில் இரண்டு டியூப்களை அணைத்து, ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். உள்ளே எந்தப் படமும் இல்லாத வெறும் வெளிச்சப் பரப்பைப் போட்டு, பிரகாசத்தை நன்றாகக் குறையுங்கள். மங்கலான பரப்பில்தான் கறை தெரியும். முழு வெளிச்சத்தில் கண் ஏமாந்துவிடும். ஏதாவது இருண்ட திட்டு தெரிந்தால், ஷிஃப்ட் கட்டுப்பாட்டால் பரப்பைக் கொஞ்சம் இடம் வலமாக நகர்த்துங்கள். பரப்பு நகர்ந்தும் திட்டு நின்ற இடத்திலேயே நின்றால் அது டியூபில் இருக்கிறது. பரப்போடு திட்டும் நகர்ந்தால் கோளாறு மின்சுற்றில்; அதைச் சரி செய்ய வழி உண்டு. கடைசியாக அகலத்தையும் உயரத்தையும் கூட்டிப் பாருங்கள். ஓரத்தில் பளிச்சென்று ஒரு சட்டம் எழுந்தால், பழைய செவ்வகத்தின் கதை அதுதான்.

பச்சையிலும் நீலத்திலும் கவனம் அதிகம் வேண்டும். சிவப்பு பாஸ்பர் தாங்கும். தேய்மானம் முதலில் தெரியவருவது மற்ற இரண்டில்தான். நீல டியூபின் ஃபோகஸ் கொஞ்சம் மென்மையாக இருந்தால் பயப்பட வேண்டாம். அதிக மின்னோட்டத்தில் நீல பாஸ்பர் சோர்ந்துபோகும் என்பதால், அமைப்பவர்கள் வேண்டுமென்றே அதன் ஃபோகஸைச் சற்றுக் கலைத்து வைத்து வெளிச்சம் பெறுவது வழக்கம். பச்சையின் ஃபோகஸ் கலைந்திருந்தால் மன்னிக்காதீர்கள். நம் கண் கூர்மையைப் பெரும்பாலும் பச்சையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

நம்பிக்கை: லென்ஸுக்குள் பூஞ்சை, திரவத்தில் கலங்கல் இருந்தால் கருவி முடிந்தது.

இல்லை. டியூபின் முகத்துக்கு முன்னால் கிளைக்கால் கலந்த குளிர்விக்கும் திரவம் நிற்கிறது. ஆண்டுகள் போனால் அதில் கலங்கலும் பூஞ்சையும் வரும். படம் புகை படிந்தது போலத் தெரியும். திரவத்தை வடித்து, சுத்தம் செய்து, புதிதாக நிரப்பினால் படம் மீண்டும் தெளியும். பொறுமையும் சுத்தமும் வேண்டிய வேலை. ஆனால் நடக்கிற வேலை. இதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். பயப்பட வேண்டியது கசிவுக்குத்தான். லென்ஸுக்குக் கீழே பிசுபிசுப்பு இருக்கிறதா, போர்டுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று, கையால் தொடாமல், டார்ச்சடித்துத் தேடுங்கள். திரவம் போர்டில் இறங்கியிருந்தால் அரிப்பு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. எத்திலீன் கிளைக்கால் விஷம், அதுவும் இனிப்பான விஷம். வடித்த திரவத்தைக் குழந்தைகளும் நாய்களும் எட்டும் இடத்தில் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள்.

நம்பிக்கை: டியூப் பெரிதாக இருந்தால் எல்லாம் நல்லது.

7, 8, 9 அங்குல டியூப்கள் உண்டு. சோனி டி50ல் 7, சோனி ஜி70லும் மார்க்கீ 8500லும் 8, சோனி ஜி90லும் மார்க்கீ 9500லும் 9. பெரிய டியூபில் நுணுக்கம் கூடும் என்பது உண்மை. ஆனால் தேய்ந்த 9 அங்குலத்தைவிடத் தெளிந்த 8 அங்குலம் எனக்கு மேல். எடையையும் மறக்காதீர்கள். ஜி90 100 கிலோவைத் தாண்டும். அதைக் கூரையில் தொங்கவிட மரச்சட்டமும் போல்ட்டும் தாங்குமா என்று வாங்குவதற்கு முன்பே ஒரு கொத்தனாரையோ தச்சரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். இந்தக் கருவிகளில் ஜூம் கிடையாது. திரையின் அகலம் முடிவானால் கருவி நிற்கும் இடமும் முடிவாகிவிடும்.

நம்பிக்கை: விளம்பரத் தாளில் 1,000 லூமென்ஸுக்கு மேல் போட்டிருக்கிறதே, பெரிய திரை போடலாம்.

அந்த எண், திரையின் ஒரு சிறு பகுதி மட்டும் வெள்ளையாக இருக்கும்போது கிடைக்கும் உச்ச வெளிச்சம். திரை முழுவதும் வெள்ளையானால் 8 அங்குலக் கருவி 200 லூமென்ஸுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். கணக்கைப் பார்ப்போம். 7 அடி அகலமுள்ள 16:9 திரையின் பரப்பு ஏறக்குறைய 27.5 சதுர அடி. 200 லூமென்ஸை அதில் பரப்பினால் சதுர அடிக்கு 7 சொச்சம். திரை கொஞ்சம் பிரதிபலிப்புக் கூடியதாக இருந்தால் 9ஐத் தொடும். இருட்டறைக்கு அது இதமான வெளிச்சம். அதே கருவியை 10 அடித் திரையில் விட்டால் பரப்பு 56 சதுர அடியாகி, வெளிச்சம் 4க்கும் கீழே இறங்கிவிடும். அப்போது கான்ட்ராஸ்ட்டை ஏற்றுவார்கள். டியூப் வேகமாகத் தேயும். 7 அடியில் நிறுத்திக்கொள்கிறவர்களின் டியூப்தான் நீண்ட நாள் உழைக்கிறது.

நம்பிக்கை: எந்த ப்ளேயரையும் செருகிவிடலாம்.

எச்.டி.எம்.ஐ. பிறந்ததே 2002 இறுதியில். இந்தக் கருவிகளில் இருப்பது ஆர்.ஜி.பி.க்கான பி.என்.சி. செருகிகள். இடையில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அதைவிட முக்கியம், கருவி எந்த வேகம் வரை கோடுகளை வரையும் என்பது. சாதாரண பழைய வீடியோவுக்கு 15 கிலோஹெர்ட்ஸ் சொச்சம் போதும். 480பி படத்துக்கு 31.5 வேண்டும், 1080ஐக்கு 33.75, 720பிக்கு 45, 1080பிக்கு 67.5. 15ல் நின்றுபோகும் பழைய வீடியோ மாடலை மலிவு என்று வாங்கியவர்கள் அதை இன்றைய ப்ளேயர் எதோடும் பயன்படுத்த முடியாமல் வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். மாடல் எண்ணைக் கேட்டு, கையேட்டில் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உயர் மின்னழுத்தத்தில் மென்மையான எக்ஸ் கதிர் பிறக்கும். டியூபின் கண்ணாடியும் உறையும் அதைத் தடுக்கும்படி செய்யப்பட்டவை. மூடியோடு பார்க்கிறவருக்கு அதில் ஆபத்தில்லை. ஆபத்து மூடியைத் திறக்கிறவருக்கு, அதுவும் மின்சாரத்தால். உள்ளே 30,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது; அணைத்த பிறகும் தங்கியிருக்கும். டிரை சால்டர் (விட்டுப்போன பற்றவைப்பு) தேடுவதும் கெப்பாசிட்டர் மாற்றுவதும் தெரிந்தவர் கையில் இருக்கட்டும்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், மாடலின் கையேடு, இரண்டு மணி நேரம், கனத்தைத் தூக்க மூன்று பேர் என எல்லாம் கைவசம் இருக்கட்டும். அறையை இருட்டாக்கவோ கருவியைச் சூடேற விடவோ விற்பவர் சம்மதிக்காவிட்டால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.

இதைப் படிப்பவர்களில் யாருடைய அலுவலகத்திலாவது, கல்லூரியிலாவது, மூன்று கண்ணுள்ள பழைய ப்ரொஜெக்டர் ஒன்று கூரையில் சும்மா தொங்கினால், பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். புது டியூப் கிடைப்பது இன்று அரிது. ஓடாத அந்தக் கருவியின் ஒரு நல்ல சிவப்பு டியூபும் மூன்று லென்ஸும் வேறொருவர் வீட்டில் இன்னும் பத்து வருஷம் படம் காட்டும்.