மாட்டுக் கருமுட்டையும் ஒரு மைக்ரோகிராம் எஸ்ட்ராடியோலும்

பசுவோட கருமுட்டையை உடம்புக்கு வெளியே, ஒரு சின்ன டிஷ்ல வைத்து முதிர வைக்கிற முறைக்கு ஐவிஎம் என்று பெயர். ஆய்வகத்தில் கரு உருவாக்க இதுதான் முதல் படி. பயோடெக் நண்பர்கள் இந்த ரெசிபியை எங்கேயாவது பார்த்திருப்பீங்க: டிசிஎம்-199 மீடியம், கொஞ்சம் சீரம், எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், கூடவே ஒரு மில்லிக்கு 1 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியோல். இன்குபேட்டர்ல சுமார் 38.5 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 22 முதல் 24 மணி நேரம்.

இதில் அந்த எஸ்ட்ராடியோல் எதுக்கு? "எல்லா புரோட்டோகால்லயும் இருக்கே" என்பதைத் தாண்டி ஒரு பதில் இருக்கா, பார்க்கலாம்.

முதிர்வது என்றால் என்ன?

பசு பிறக்கும் முன்னாடியே அதன் கருமுட்டைகள் மியோசிஸை ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிடும். முட்டை இருக்கிற திரவப் பைக்கு ஃபாலிக்கிள் என்று பெயர். ஆய்வகங்கள் பெரும்பாலும் இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் சினைப்பைகளில் இருந்து, 2 முதல் 8 மில்லிமீட்டர் ஃபாலிக்கிள்களை ஊசியால் உறிஞ்சி முட்டைகளை எடுக்கும். முட்டையைச் சுற்றி க்யூமுலஸ் செல்கள் ஒரு போர்வை மாதிரி ஒட்டியிருக்கும்.

1935-ல் பின்கஸும் என்ஸ்மனும் முயலில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள்: ஃபாலிக்கிளை விட்டு வெளியே எடுத்தாலே முட்டை தானாக மியோசிஸைத் தொடர ஆரம்பித்துவிடும். மாட்டு முட்டையும் அப்படித்தான். அதாவது, ஸ்டார்ட் பட்டனை அழுத்த ஸ்டீராய்டு தேவையில்லை.

அப்போ பிரச்சினை எங்கே? டிஷ்ல வைத்த முட்டைகளில் பெரும்பாலானவை மெட்டாஃபேஸ் 2 கட்டத்துக்கு வந்துவிடும். ஆனால் கருவூட்டிய பிறகு ஏழு, எட்டு நாளில் பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறவை ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம்தான். நியூக்ளியஸ் ரெடி, சைட்டோபிளாசம் ரெடி இல்லை. ஹார்மோன் கேள்வி முக்கியமாகிறது இந்த இடைவெளியில்தான்.

உடம்புக்குள்ள நடக்கிற வரிசை

ஃபாலிக்கிளின் வெளிச்சுவரில் உள்ள தீகா செல்கள் எல்ஹெச் சொன்னபடி ஆண்ட்ரோஜன் தயாரிக்கும். உள்ளே இருக்கிற கிரானுலோசா செல்கள் அதை வாங்கி, எஃப்எஸ்ஹெச் உதவியோட எஸ்ட்ராடியோலாக மாற்றும். ஃபாலிக்கிள் வளர வளர எஸ்ட்ராடியோல் ஏறும். அது ஒரு அளவைத் தாண்டினதும் மூளையில் இருந்து எல்ஹெச் அலை கிளம்பும்.

இங்கேதான் திருப்பம். அலை வந்த சில மணி நேரத்தில் எஸ்ட்ராடியோல் சரிகிறது, புரோஜெஸ்டெரோன் மேலே வருகிறது. முட்டை கடைசியாக முதிர்வதும் இந்த நேரத்தில்தான். ஆக, எஸ்ட்ராடியோல் அலைக்கு முந்தைய ஹார்மோன். புரோஜெஸ்டெரோன் அலைக்குப் பிந்தையது.

நம்ம டிஷ்ல ஓடுகிற 24 மணி நேரம், உடம்பில் அலைக்குப் பிந்தைய 24 மணி நேரத்துக்குச் சமம். அந்த நேரத்தில் எஸ்ட்ராடியோல் ஊற்றுவது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலை டிபன் பரிமாறுகிற மாதிரி!

சோதனைகள் சொல்வது

2002-ல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், சீரமும் எஃப்எஸ்ஹெச், எல்ஹெச்சும் இல்லாத மீடியத்தில் மாட்டு முட்டைகளுக்கு அதே 1 மைக்ரோகிராம் எஸ்ட்ராடியோல் கொடுத்தார்கள். மெட்டாஃபேஸ் 2-க்கு வந்தவை குறைந்தன, நியூக்ளியஸ் கோளாறுகள் கூடின.

2011-ல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரிக் குழு மறுபக்கத்தைப் பார்த்தது. க்யூமுலஸ் செல்கள் தானாகவே புரோஜெஸ்டெரோன் சுரக்கும். அந்த உற்பத்தியையோ, அதன் ரிசெப்டரையோ தடுத்தபோது பிளாஸ்டோசிஸ்ட் எண்ணிக்கை விழுந்தது.

எண்ணை நம்பலாமா?

எஸ்ட்ராடியோலால் நன்மை என்று சொன்ன பழைய ஆய்வுகளும் உண்டு. முரண்பாடு ஏன் என்பதற்கு டிஷ்ஷையே கவனிக்கணும்.

1. சீரத்திலேயே ஸ்டீராய்டுகள் இருக்கும். "எஸ்ட்ராடியோல் சேர்க்காத" கன்ட்ரோல் உண்மையில் பூஜ்யம் இல்லை.
2. மீடியத்துக்கு நிறம் தருகிற ஃபீனால் ரெட் சாயமே லேசாக ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யக்கூடியது.
3. துளி காய்ந்துபோகாமல் இருக்க மேலே மினரல் ஆயில் ஊற்றுவோம். ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும் பொருள். நீரை விட்டு எண்ணெய்க்குத் தாவிவிடும். கெமிக்கல் பசங்களுக்குத் தெரிந்த பார்ட்டிஷன் கோஎஃபிஷியன்ட் கதைதான். ஊற்றினது 1 மைக்ரோகிராம். முட்டை பார்த்தது எவ்வளவு? அளந்தால்தான் தெரியும். செல்கள் தாமாகச் சுரந்த புரோஜெஸ்டெரோனும் இப்படியே எண்ணெய்க்குள் போய்விடும்.

இது ஏட்டுக் கேள்வி இல்லை. 2016-ல் உலக அளவில் ஆய்வகத்தில் உருவாக்கிய மாட்டுக் கருக்கள், பசுவிலிருந்து நேரடியாக எடுத்தவற்றை முதல்முறையாக எண்ணிக்கையில் தாண்டின. பிரேசில் இதில் முன்னணி நாடுகளில் ஒன்று. அங்கே பயன்படும் நெலோர் இனம் நம்ம ஓங்கோல் மாட்டின் வழிவந்தது. இவ்வளவு பெரிய அளவில் ஓடுகிற ரெசிபியில் தேவையில்லாத ஒரு பொருள் இருந்தால், நஷ்டமும் அதே அளவுக்குப் பெரிசு.

யோசிக்க ஒரு கணக்கு

எஸ்ட்ராடியோல் தேவையா என்று நீங்களே சோதிக்கணும். சீரத்துக்குப் பதில் என்ன போடுவீங்க? எண்ணெய் இல்லாமல் எப்படி வைப்பீங்க? எஸ்ட்ராடியோலை எத்தனாலில் கரைக்கிறோம் என்றால், எத்தனால் மட்டும் போட்ட ஒரு குரூப் ஏன் வேணும்? கடைசியாக, 24 மணி நேரத்தில் மெட்டாஃபேஸ் 2-ஐ எண்ணுவதோட நிறுத்துவீங்களா, எட்டாம் நாள் வரை காத்திருப்பீங்களா?

ஒரு குரூப் டேபிள் போட்டுப் பாருங்க. கடைசிக் கேள்விக்கான விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கு.